ஒன்பது வயதுக்கு ஒரு பாவாடை

குத்தாலம்
18.11.2025

பூமிகாவின் அப்பாவுக்கு,

கனகா எழுதுவது. தபாலில் என் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பதற வேண்டாம். எல்லோரும் நன்றாகத்தான் இருக்கிறோம். இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நாம் போனில் பேசினால் நாலு வார்த்தைக்குள் யாராவது ஒருவர் வைத்துவிடுகிறோம். பிறகு பூமிகா உங்களுக்கும் எனக்கும் நடுவில் நின்று சமாதானம் பேசிக்கொண்டிருக்கிறாள். கல்யாணப் பெண்ணுக்கு அந்த வேலை வேண்டாம். காகிதத்தில் எழுதினால் நீங்கள் குறுக்கே பேச முடியாது, அதுவும் ஒரு வசதி.

தை மாதம் முகூர்த்தம் குறித்ததைப் பூமிகாவே சொல்லியிருப்பாள். மாப்பிள்ளை வெற்றிசெல்வன் வீட்டார் கீழ்வேளூரிலிருந்து வந்து தாம்பூலம் மாற்றிவிட்டுப் போனார்கள். பெண்ணின் அப்பா எங்கே என்று அவர்கள் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதே எனக்குச் சங்கடமாக இருந்தது.

விஷயம் இதுதான். பந்தக்கால் நடுவதற்கு முன்னால் செம்மொழிக்குப் பூவாடைப் படையல் போட்டாக வேண்டும். இது உங்கள் வீட்டு வழக்கம், நான் கொண்டு வந்ததில்லை. கல்யாணம் ஆகாமல் போய்விட்ட பெண்பிள்ளையை ஆற்றங்கரையிலிருந்து அழைத்து வந்து, புதுத்துணி, பூ, பிடித்த பலகாரம் எல்லாம் வைத்துக் கும்பிட்ட பிறகுதான் அந்த வீட்டில் அடுத்த நல்ல காரியம். துணியை அப்பா கையால் எடுத்து வர வேண்டும். படைத்த துணியைப் பெட்டியில் பூட்டி வைக்கக் கூடாது. வீட்டுப் பெண் யாராவது அதை உடுத்த வேண்டும். பூமிகாவே நலங்குக்கு உடுத்திக்கொண்டால் அவளுக்கும் நல்லது, அக்காவுக்கும் நிறைவு.

செம்மொழிக்கு ஆவணியோடு இருபத்தைந்து முடிந்தது. பட்டுப்புடவை எடுங்கள். மயில்கழுத்து நிறம் கிடைத்தால் நல்லது. மஞ்சள் வேண்டாம், அவள் நிறத்துக்கு எடுக்காது.

வருவீர்களா, மாட்டீர்களா என்று எழுதுங்கள். பூமிகாவிடம் சொல்லி அனுப்ப வேண்டாம்.

கனகா


பிலாய்
27.11.2025

கனகாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பூமிகாவின் கல்யாணத்துக்கு வராமல் இருப்பேன் என்று நீ நினைத்ததே எனக்கு வருத்தம். பள்ளிக்கூடத்தில் விடுப்பு சொல்லிவிட்டேன். படையலுக்கு முன்பே வந்துவிடுவேன். துணியும் நானே எடுத்து வருவேன்.

ஆனால் புடவை எடுக்க மாட்டேன். பாவாடை சட்டை எடுப்பேன், ஒன்பது வயதுக்கு.

உனக்குக் கோபம் வரும் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். செம்மொழிக்கு இருபத்தைந்து வயது ஆகவில்லை. அவள் நான்காம் வகுப்பு படிக்கும்போது, ஐப்பசி அடைமழையில் காய்ச்சல் வந்து போய்விட்டாள். அவளுக்கு ஒன்பது வயது. எப்போது கேட்டாலும் ஒன்பது வயதுதான்.

இங்கே பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்தும்போது பலகையில் ஒரு கோடு போட்டு, இதுதான் காலம் என்று காட்டுவேன். ஓடிப்போகிற தண்ணீர் மாதிரி அதை நினைக்க வேண்டாம் என்பேன். நான் பிலாயில் இருப்பதால் குத்தாலம் இல்லாமல் போய்விட்டதா? ரயில் அதைத் தாண்டி வந்துவிட்டது, அவ்வளவுதான். செம்மொழியின் ஒன்பது வருடமும் அப்படித்தான் அதன் இடத்தில் இருக்கிறது. அவள் அதற்குள் இருக்கிறாள். முன்பல் விழுந்து முளைத்த வாயோடு, எண்ணெய் வைத்துப் பின்னின தலையோடு இருக்கிறாள். அதை இனி ஒரு காய்ச்சலும் தொட முடியாது.

அந்தக் கோட்டில் ஒன்பதுக்கு அப்புறம் அவள் இல்லை. இல்லாதவளுக்கு என்ன குறை இருக்க முடியும்? பிறப்பதற்கு முன்னாலும்தான் அவள் இல்லை. நமக்குக் கல்யாணமான புதிதில், செம்மொழி இன்னும் இல்லையே என்று அவளுக்காக யாராவது அழுதோமா? நமக்குத்தான் வலி. அவளுக்கு ஒன்றும் இல்லை. இதை நான் உனக்குப் பல தடவை சொல்லியிருக்கிறேன்.

நீ என்ன செய்தாய்? ஒவ்வொரு தீபாவளிக்கும் அவளுக்குத் துணி எடுத்தாய். போன வருடத்தை விட ஓர் அளவு பெரியதாக எடுத்தாய். விளக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டு அதைப் பூமிகாவுக்குப் போட்டாய். மூன்று வயது மூத்தவளின் அளவு. அந்தப் பிள்ளை பள்ளிக்கூட நாள் முழுவதும் தோள் இறங்கின சட்டையோடு ஊக்கு குத்திக்கொண்டு திரிந்தது. அவள் பெரியவளான சடங்கில் பக்கத்தில் ஒரு காலி மணையைப் போட்டு, மூத்தவளுக்கும் சேர்த்து என்று மாலை வைத்தாய். பூமிகா அந்த மணையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதன் பிறகுதான் நான் மத்திய அரசுப் பள்ளியில் மாற்றல் கேட்டு வடக்கே இங்கே வந்தேன். ஏன் போனீர்கள் என்று நீ இதுவரை கேட்டதில்லை. அதனால் சொல்கிறேன்.

இந்தக் கல்யாணத்திலாவது பூமிகா அவள் துணியை அவள் உடுத்தட்டும்.

ராஜசேகர்


குத்தாலம்
6.12.2025

பூமிகாவின் அப்பாவுக்கு,

பாடம் வந்து சேர்ந்தது வாத்தியாரே. இரண்டு தடவை படித்தேன்.

இங்கே நல்ல மழை. வேளாண்மை அலுவலகத்தில் எங்களுக்கு உட்கார நேரமில்லை. சம்பா மூழ்கிவிட்டது என்று காலையிலிருந்து ஆட்கள் வந்தபடி இருக்கிறார்கள். நேற்று ஒருவர் வேட்டி முழங்கால் வரை சேற்றோடு வந்து நின்றார். சூல் கட்டின பயிரம்மா, இன்னும் பத்து நாள்ல கதிர் வந்துருக்கும் என்றார். அவர் வயலுக்குப் பக்கத்து வயல் தரிசு. அதிலும் அதே தண்ணீர்தான் நிற்கிறது. அந்த வயல்காரர் வரவில்லை. ஏன் வர வேண்டும்?

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். செம்மொழி பிறக்காதபோது நாம் அழவில்லை, உண்மைதான். அப்போது யாரும் அவள் கையிலிருந்து எதையும் பிடுங்கவில்லை. பிறக்காமல் இருந்ததும் பாதியில் போனதும் ஒன்று என்று சொல்ல உங்களுக்கு எப்படி மனம் வந்தது? தரிசையும் மூழ்கின பயிரையும் ஒன்று என்று என் ஆபீசில் வந்து சொல்லிப் பாருங்கள், அடிக்க வருவார்கள்.

அவளுக்கு ஒன்றும் இல்லை என்கிறீர்கள். அந்த வருஷம் வைகாசியில் அவள் சைக்கிள் கேட்டாள். நினைவிருக்கிறதா? நீங்கள்தான் சொன்னீர்கள், "பத்து வயசு ஆகட்டும்டா, வாங்கித் தரேன்" என்று. அவள் அதற்கு அழவில்லை. சரிப்பா என்று சொல்லிவிட்டுப் போனாள். உங்கள் கோட்டில் அந்தப் பத்து வயது எங்கே இருக்கிறது? நான் தேடிப் பார்க்கிறேன், காணோம். அது நமக்குப் போன சைக்கிளா, அவளுக்குப் போன சைக்கிளா? சொல்லுங்கள்.

பூமிகாவின் சட்டையில் ஊக்கு குத்தினவள் நான். அது தளர்வாக இருந்தது எனக்குத் தெரியாதா? யாராவது ஒருவர் பெரியவளுக்கு வயதை எண்ணிக்கொண்டு வர வேண்டும் என்று நினைத்தேன். எண்ணாமல் விட்டால் அவளுக்கு என்னென்ன கிடைக்காமல் போனது என்பதே உலகத்தில் ஒருவருக்கும் தெரியாமல் போய்விடும். சின்னவளை அதில் இழுத்தது தப்பாக இருக்கலாம். ஆனால் எட்டாம் வகுப்புப் பிள்ளையை விட்டுவிட்டுப் பிலாய்க்குப் போனவர் எனக்கு அந்தத் தப்பைச் சொல்ல வேண்டாம்.

புடவைதான் எடுக்க வேண்டும். ஒன்பது வயதுப் பாவாடையைப் பூமிகா தலையிலா கட்டிக்கொள்வாள்?

கனகா


பிலாய்
15.12.2025

கனகாவுக்கு,

சைக்கிளைப் பற்றி நீ எழுதியிருக்க வேண்டாம்.

அதைப் படித்துவிட்டு வகுப்புக்குப் போனேன். பலகையில் கோடு போட்டேன். பிள்ளைகளைப் புத்தகத்தைப் படிக்கச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

நீ கேட்டதற்கு நேராகப் பதில் சொல்கிறேன். அது அவளுக்குப் போன சைக்கிள்தான். எனக்குத் தெரியும். அவளுக்கு ஒன்றும் இல்லை என்று நான் சொல்வது நம்பிச் சொல்வதில்லை, சொல்லிச் சொல்லி நம்பப் பார்ப்பது. ஏன் என்றால், அவளுக்குத்தான் கெடுதல் என்று ஒத்துக்கொண்டால் அந்தக் கெடுதலுக்கு முடிவு எது? காய்ச்சல் மூன்று நாளில் முடிந்தது. இது முடியவே இல்லையே. பத்து வயதில் சைக்கிள் போனது. அப்புறம் பெரிய பள்ளிக்கூடம் போனது, காலேஜ் போனது. தை மாதம் தங்கை கல்யாணமும் அவளுக்கு இல்லாமல் போகப்போகிறது. இன்று காலை இங்கே நல்ல வெயில் அடித்தது, அதுகூட அவளுக்கு இல்லை. செத்த அன்று அவள் இழந்தது கொஞ்சம்தான் என்று தோன்றும் அளவுக்கு அது ஏறிக்கொண்டே போகிறது.

நீ தீபாவளிக்குத் தீபாவளி துணியை விரிக்கும்போது எனக்கு அதுதான் தெரிந்தது. இந்த வருடம் அவள் இவ்வளவு உயரம் இழந்திருக்கிறாள் என்று நீ அளந்து காட்டுகிறாய் என்று பட்டது. வருடம் ஒரு தடவை நீ அவளை இன்னும் கொஞ்சம் சாக வைக்கிறாய் என்றுகூட ஒரு நாள் நினைத்தேன். மன்னித்துக்கொள். உன்னிடம் அதைச் சொல்லிவிடுவேனோ என்ற பயத்தில்தான் அந்த வீட்டிலிருந்து கிளம்பினேன்.

எனக்கு அவளை ஒரே இடத்தில் நிறுத்தி வைக்க வேண்டும், கனகா. ஒன்பதில் நிறுத்தினால் அவள் முழுசாக இருக்கிறாள், அவளிடம் குறை எதுவும் இல்லை. இருபத்தைந்து என்று சொன்னால் வெறும் குறை மட்டும்தான் இருக்கிறது, பெண் இல்லை. இதற்காகத்தான் பாவாடை கேட்கிறேன். வீம்புக்கு இல்லை.

நீ கடைசியில் புடவைதான் என்றால் புடவையே எடுத்து வருகிறேன். என் கையால் எடுக்கிறேன், மனதால் எடுக்க முடியாது.

ராஜசேகர்


குத்தாலம்
24.12.2025

பூமிகாவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதங்களைப் பூமிகா படித்துவிட்டாள். அலமாரியில் துணிக்கு அடியில் வைத்திருந்தேன், ஜாக்கெட் துணி தேடியவள் எடுத்துவிட்டாள். இரண்டையும் ஒரே மூச்சாகப் படித்துவிட்டு அடுப்படிக்கு வந்து நின்றாள்.

"அம்மா, நான் ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே" என்றாள். சொல்லு என்றேன்.

"அக்காவோட புடவைய நான் கட்டிக்க மாட்டேன்மா. எனக்கு அக்கா மேல கோவம் இல்ல. ஆனா இப்ப அவ என்னைவிடச் சின்னவம்மா, எனக்கு அவ முகமே சின்னப் புள்ளையாத்தான் ஞாபகம் இருக்கு. அவள நான் அக்கான்னு கூப்புடறதே எனக்கு ஒரு மாதிரியா இருக்கு" என்றாள். பிறகு, "ஒரு தடவை என் அளவுல போட்டுக்கறேனே" என்றாள். அதைக் கேட்டதும் எனக்கு அடுப்பில் என்ன இருக்கிறது என்பதே மறந்துவிட்டது. ஒரு புடவைக்கு அளவு ஏது? அவள் புடவையைச் சொல்லவில்லை.

அதனால் பாவாடை சட்டையே எடுத்து வாருங்கள். நம் வீட்டில் அந்த வயதுப் பெண் இல்லை, எதிர்வீட்டில் நான்காம் வகுப்புப் பிள்ளை ஒன்று இருக்கிறது, படைத்த பிறகு அதற்கு உடுத்திவிடலாம். அவர்களிடம் கேட்டுவிட்டேன்.

இதை நான் உங்களிடம் தோற்று எழுதவில்லை. எனக்கும் ஒன்று வேண்டியிருக்கிறது. சொன்னால் கேலி செய்யக் கூடாது. நான் அவளை வளர்த்து வளர்த்து, எனக்கு இப்போது பெரிய பெண்தான் வருகிறாள். கண்ணை மூடினால் புடவை கட்டிக்கொண்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வேலைக்குக் கிளம்புகிற மாதிரி வருகிறாள். நான் பெற்று, தலை சீவி, ஈர் பார்த்து வளர்த்த அந்தச் சின்னது வர மாட்டேன் என்கிறது. அவள் துணிகளையெல்லாம் அப்போதே பெரியவர்கள் காவிரியில் விட்டுவிட்டார்கள். போட்டோவில் முகம் இருக்கிறது, ஆள் எவ்வளவு இருந்தாள் என்று தெரியவில்லை. கட்டிப்பிடித்தால் தலை எனக்கு எங்கே வந்து முட்டும்? அது போய்விட்டது.

நீங்கள் அவளை ஒன்பதிலேயே நிறுத்தி வைத்திருக்கிறேன் என்கிறீர்கள். அது எனக்கு இப்போது பொறாமையாக இருக்கிறது. அந்தப் பிள்ளையின் அளவுக்குத் துணி எடுத்து வாருங்கள். விளக்கு முன்னால் விரித்து வைத்து நானும் ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன்.

அடர்த்தியான நிறமாக எடுங்கள்.

கனகா


குத்தாலம்
8.2.2026

செம்மொழி அப்பாவுக்கு,

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தீர்களா? மண்டபத்திலிருந்து நீங்கள் நேரே மயிலாடுதுறைக்கு ரயிலேறப் போனது எனக்குப் பிற்பாடுதான் தெரியும். சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டாரே என்று சம்பந்தி வீட்டில் கேட்டார்கள். அவருக்குப் பள்ளிக்கூடத்தில் பரீட்சை நேரம் என்று சொல்லிச் சமாளித்தேன். பூமிகா மறுவீடு வந்துவிட்டுப் போனாள். நன்றாக இருக்கிறாள். அவள் வாங்கிக்கொண்ட அரக்குப் புடவை அவளுக்குப் பொருத்தமாக இருந்ததை நீங்களும் பார்த்தீர்கள்.

இந்தக் கடிதத்தைச் சண்டைக்கு எழுதவில்லை. ஒன்று கேட்காமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கல்யாண வீட்டில் வேண்டாம் என்று அன்றைக்கு வாயை மூடிக்கொண்டேன்.

காவிரிக் கரையில் பம்பைக்காரர் அவளை அழைத்து, கலசத்தைப் பூமிகா தலையில் தூக்கி வைத்ததுவரை நான் சரியாகத்தான் இருந்தேன். வீட்டுக்கு வந்து நீங்கள் பையிலிருந்து துணியை எடுத்து விளக்கு முன்னால் வைத்தீர்கள். கருநீலப் பாவாடை, அதே கரை போட்ட சட்டை. பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. இதோ, இதுதான் என் பிள்ளை, இவ்வளவுதான் இருந்திருக்கிறாள் என்று நினைத்தேன். எவ்வளவு சின்னவளாக இருந்திருக்கிறாள், நான் மறந்தே போய்விட்டேனே என்று அந்தத் துணியை இப்படியும் அப்படியும் தடவிப் பார்த்தேன். நீங்கள் கவனித்திருப்பீர்கள்.

படையல் முடிந்து எதிர்வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டோம். அது நான்காம் வகுப்பு, செம்மொழி படித்த அதே வகுப்பு. சட்டைக்குள் அதன் கை நுழையவில்லை. பாவாடை முழங்காலுக்குச் சற்றுக் கீழேயே நின்றுவிட்டது. பிள்ளை வளர்த்தியாக இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். அது ஒன்றும் வளர்த்தி இல்லை, ஒல்லிக் குச்சி. பிறகு அதன் தங்கைக்குப் போட்டுவிட்டார்கள். அவளுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்திவிட்டது. கூடத்தில் சுற்றிச் சுற்றி ஓடினாள். அவள் ஒன்றாம் வகுப்பு. ஆறு வயது.

நீங்கள் எழுந்து கொல்லைப்பக்கம் போனீர்கள். நானும் பின்னாலேயே வந்தேன். கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தீர்கள். கழுவிக்கொண்டே இருந்தீர்கள். நான் திரும்பி வந்துவிட்டேன்.

செம்மொழி நம்மை விட்டுப் போன வருஷம் பூமிகாவுக்கு ஆறு வயது. அக்கா எங்கேப்பா என்று கேட்டுக்கொண்டு அவள்தான் உங்கள் காலைக் கட்டிக்கொண்டு திரிந்தாள். அவளைத்தான் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு அழுதீர்கள்.

இத்தனை வருஷமும் ஒன்பது வயது என்று நீங்கள் யாரை நிறுத்தி வைத்திருந்தீர்கள்? நான் கேட்பதில் தப்பிருந்தால் சொல்லுங்கள். கடைக்காரர்கள் அளவு மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்று எழுதினால் நம்பிக்கொள்கிறேன். சத்தியமாக நம்புவேன். நான் அவளைப் பெரிதாக்கித் தொலைத்தேன், சரி. உங்களிடம் பத்திரமாக இருக்கிறாள் என்ற ஒரு தைரியத்தில் இருந்தேன்.

கனகா


பிலாய்
17.2.2026

கனகாவுக்கு,

கடைக்காரர்கள் மாற்றிக் கொடுக்கவில்லை. அப்படி எழுதிவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். உன்னிடம் பொய் சொல்லி அந்தப் பிள்ளையை இன்னொரு தடவை தொலைக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

கோடு அங்கேயேதான் இருக்கிறது, அதில் எனக்கு இப்போதும் சந்தேகமில்லை. அவளுடைய ஒன்பது வருடமும் அதில் அப்படியே இருக்கும். ஆனால் அங்கே திரும்பிப் போக எனக்கு வழி கிடையாது. வழி என்னிடம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் இழந்ததை நீ எண்ணிக்கொண்டிருந்தாய். நான் இழந்துகொண்டிருந்தது எனக்கே தெரியவில்லை.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். கும்பகோணத்தில் இறங்கிக் கடைக்குப் போனேன். விற்கிற பெண் எத்தனை வயதுக்கு சார் என்று கேட்டாள். ஒன்பது என்றேன். அவள் எடுத்து மேசைமேல் விரித்தது சரியான அளவுதான், இப்போது தெரிகிறது. அதே கருநீலம், அதே கரை. அதைப் பார்த்து எனக்குச் சிரிப்புதான் வந்தது.

"இவ்ளோ பெரிசு வேணாம்மா, சின்னதா எடு" என்றேன்.

"ஒம்போது வயசுக்கு இதான் சார் அளவு. சின்னதா போச்சுன்னா பாப்பா அழுவும்" என்றாள்.

"என் பொண்ணு அளவு எனக்குத் தெரியாதாம்மா?" என்றேன்.

அப்படியானால் எவ்வளவு உயரம் என்று காட்டச் சொன்னாள். என் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே கையை வைத்துக் காட்டினேன். கை தயங்கவே இல்லை, கனகா.

ராஜசேகர்